கட்டணம் கட்டுமுன் மூன்று மாதம்

கணினியில் நிரல் எழுதப் படிக்க வேண்டும். பணம் கட்டி வகுப்பில் சேர்வதா, வீட்டிலேயே படித்துக்கொள்வதா என்று இப்போது சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான். எஸ்பிஎம் முடித்த கையோடு வேலைக்குப் போனவர்கள், வயது முப்பதைத் தாண்டியவர்கள், மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடனும் காடிக் கடனும் போக மிச்சத்தை எண்ணிச் செலவு செய்பவர்கள். நான் நிரலாளர் இல்லை. கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் 16 ஆண்டுகளாகக் கிராணி வேலை பார்க்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி 2024ஆம் ஆண்டு ஒரு மாதம் முழுக்க என் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால் இதைப்பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் வேலை துறைமுகத்தை ஒட்டியது. கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கத்துறையிடம் கே1 பாரம் அனுப்பி, வரி கட்டி, லாரி ஏற்பாடு செய்து, கொள்கலனை வாடிக்கையாளரின் கிடங்கில் சேர்க்க வேண்டும். கொடுத்த நாளுக்குள் எடுக்காவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் தண்டம் ஏறும். தினமும் காலையில் நானும் பக்கத்து மேசை அக்காவும் மின்னஞ்சலில் வரும் கொள்கலன் எண்களைப் பார்த்துப் பார்த்து எக்செல் தாளில் ஏற்றுவோம். அதற்கே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். புதிய கணினி முறை வரப்போகிறது, இரண்டு பேர் பார்க்கும் வேலையை இனி ஒருவர் பார்க்கலாம் என்று முதலாளி ஒரு கூட்டத்தில் சொன்னார். அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அன்றைக்குத்தான் நிரலாக்கம் என்ற சொல்லைத் தேட ஆரம்பித்தேன்.

தேடத் தொடங்கியதும் விளம்பரங்கள் என்னைத் தேடி வந்தன. ஆறு மாத வகுப்பு, சனி ஞாயிறு மட்டும், முன்அனுபவம் தேவையில்லை, கட்டணம் 9,500 வெள்ளி. தொலைபேசியில் பேசிய இளைஞர் மிகவும் மரியாதையாகப் பேசினார். இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் 1,500 வெள்ளி கழிவு என்றார். படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டேன். "பெரும்பாலானவங்களுக்குக் கிடைச்சிருக்கு, சிஸ்டர்" என்றார். பெரும்பாலானவர் என்றால் பத்துக்கு எத்தனை என்று கேட்டதற்கு, மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

பணம் எங்கிருந்து வரும் என்பதும் அப்போது தெரிந்தே இருந்தது. அந்த ஆண்டு மே 11ஆம் தேதி ஊழியர் சேமநிதி வாரியம் மூன்றாவது கணக்கைத் திறந்துவிட்டது. எந்தக் காரணமும் சொல்லாமல் அதிலிருந்து பணம் எடுக்கலாம். இரண்டாவது கணக்கிலிருந்து ஒரு பகுதியை அதற்கு மாற்றிக்கொள்ள ஆகஸ்டு கடைசி வரை வாய்ப்புக் கொடுத்தார்கள். என் கணக்கில் மாற்றினால் 4,000 வெள்ளி வரும். மீதிக்கு என் கை வளையல்கள் இருந்தன.

அந்த வளையலை நினைத்தபோதுதான் என் அண்ணன் நினைவுக்கு வந்தார். எங்கள் அம்மா ஜெராம் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைப் பழம் பொறுக்கியவர். அண்ணன் எஸ்பிஎம் முடித்த 1998ஆம் ஆண்டில், கணினி படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். பட்டணத்தில் மாடிக்கு மாடி கணினிக் கல்லூரி இருந்த காலம் அது. அம்மா தம் சங்கிலியையும் இரண்டு வளையலையும் அடகு வைத்து ஒரு தனியார் கல்லூரியில் அண்ணனைச் சேர்த்தார். பதினான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அண்ணன் வகுப்புக்குப் போனார். கதவில் பூட்டுத் தொங்கியது. பணமும் வரவில்லை, சான்றிதழும் வரவில்லை. சங்கிலி மட்டும் எப்படியோ மீண்டது. வளையல் ஏலத்தில் போனது. அண்ணன் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து இன்று ஃபோர்க்லிஃப்ட் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறார். அந்தக் கல்லூரியைப்பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் விஷயத்தைச் சொன்னபோது என் கணவர், "நீ படிக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. மச்சானுக்கு நடந்தது மட்டும் நடக்கக்கூடாது" என்றார். அம்மா வேறு மாதிரி சொன்னார். "காசு போனா போவட்டும்மா. எதுக்குப் போவுதுன்னு தெரிஞ்சு போவணும். அன்னிக்கு எனக்குத் தெரியல."

அம்மா சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். 9,500 வெள்ளி கட்டினால் எனக்கு உண்மையில் கிடைப்பது என்ன? பாடமா? பாடம் இன்று இலவசம். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கு நடத்தும் சிஎஸ்50 என்ற அறிமுகப் பாடத்தை முழுவதுமாக இணையத்தில் வைத்திருக்கிறது. டேவிட் மாலன் என்ற பேராசிரியர் நடத்துகிறார். வீட்டுப்பாடத்தை அனுப்பினால் கணினியே திருத்தித் தருகிறது. பைதான் மொழிக்கென்று தனியாக ஒரு பாடமும் உண்டு. அலுவலக வேலைகளைப் பைதானால் எளிதாக்குவது எப்படி என்று அல் ஸ்வெய்கார்ட் எழுதிய புத்தகத்தை அவரே தமது இணையப் பக்கத்தில் காசில்லாமல் படிக்க விட்டிருக்கிறார். ஆங்கிலம் தடை என்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் கணியம் குழுவினர் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் மின்னூல்களை இலவசமாக வெளியிட்டு வருகிறார்கள். பைதான் மொழியும் இலவசந்தான். கைடோ வான் ராசம் என்பவர் 1991இல் வெளியிட்டது. இன்றைக்கும் யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் பணம் கட்டுகிறவர்கள் ஏமாளிகளா? அப்படியும் சொல்ல முடியாது. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இணையப் பாடங்களைப்பற்றி 2019ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. இலவசமாகச் சேர்ந்தவர்களையும் சேர்த்து எண்ணினால், நூறு பேரில் மூன்று பேர் அளவில்தான் முடித்திருந்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறையப் பாதிப் பேர் முடித்திருந்தார்கள். பணம் கட்டியதால் முடித்தார்களா, முடிக்கும் எண்ணம் உள்ளவர்கள்தான் பணம் கட்டினார்களா என்பது வேறு விஷயம். ஆனால் பாடம் இலவசமாகக் கிடைப்பதும் பாடம் மண்டையில் ஏறுவதும் ஒன்றில்லை என்பது தெளிவாயிற்று.

வகுப்பில் நாம் காசு கொடுத்து வாங்குவது பாடத்தை அல்ல. இந்தக் கிழமை இத்தனை மணிக்கு உட்கார் என்று சொல்லும் ஒரு கால அட்டவணையை, நாம் எழுதியதைப் பார்த்து இங்கே இடிக்கிறது என்று சொல்லும் ஒரு மனிதரை, கூடப் படிக்கும் நாலு பேரை, சில இடங்களில் ஒரு சான்றிதழை வாங்குகிறோம். இவற்றில் எது என்னிடம் இல்லை என்று தெரிந்தால் அதற்கு மட்டும் காசு கொடுக்கலாம். அது தெரியாமல் மொத்தமாக வாங்குவது, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்க்காமல் மூட்டை வாங்குவது மாதிரி.

தெரிந்துகொள்ள எனக்கு நானே மூன்று மாதம் கெடு வைத்துக்கொண்டேன். பிள்ளை தூங்கிய பிறகு இரவு ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை, வாரத்துக்கு ஐந்து நாள். 1,100 வெள்ளிக்கு ஒரு பழைய மடிக்கணினி வாங்கினேன். இணையத்தில் பார்ப்பதெல்லாம் படிப்பதில்லை, ஒரு பாடத்தையும் ஒரு புத்தகத்தையும் தவிர வேறு தொடுவதில்லை என்றும் முடிவு செய்தேன். இன்னொன்றும் வைத்துக்கொண்டேன்: மூன்று மாத முடிவில் என் அலுவலக வேலையில் ஒன்றையாவது நிரல் செய்து காட்ட வேண்டும்.

அந்த ஒன்றைக் கொடுத்தவர் பக்கத்து மேசை அக்காதான். கொள்கலன் கதவில் நான்கு எழுத்தும் ஏழு எண்களும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைசி எண் சும்மா போட்டதல்ல, முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது என்று அக்கா ஒருநாள் சொன்னார். அவர் அதைப் பழைய மேலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஏ என்றால் 10, பி என்றால் 12. 11, 22, 33 ஆகியவற்றை விட்டுவிடுவார்கள். முதல் இடத்தை ஒன்றால் பெருக்கு, அடுத்ததை இரண்டால், அடுத்ததை நாலால், எட்டால் என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவது இடத்தை 512ஆல் பெருக்கு. எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதி, கடைசி எண்ணோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தட்டச்சில் எங்கோ தவறு. தவறான எண்ணோடு சுங்கத்துக்குப் பாரம் போனால் திருத்தி வாங்குவதற்குள் ஒருநாள் போய்விடும். அந்த ஒருநாள் தண்டத்தைக் கட்டுவது யார் என்று வாடிக்கையாளரோடு வாய்ச்சண்டை வேறு.

கையால் இந்தக் கணக்கை ஒரு நாளைக்கு எண்பது கொள்கலனுக்கு யாரும் போட மாட்டார்கள். கணினிக்கு இது கண் இமைக்கும் வேலை. ஏழாவது வாரத்தில் இருபது வரியில் எழுதிவிட்டேன். அலுவலகத்தின் பழைய தாள் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்று எண்கள் தவறு என்று சொன்னது. அதில் இரண்டு உண்மையிலேயே தவறாகத் தட்டச்சு செய்யப்பட்டவை. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, வேறு காரணத்துக்காக.

மூன்றாவது எண்தான் என்னைப் படுத்தியது. கதவின் படத்தைப் பார்த்தேன், எண் சரிதான். கடைசி எண் பூஜ்யம். என் நிரலோ பத்து என்றது. நான்கு இரவு அதிலேயே போனது. புத்தகத்தில் இல்லை, பாடத்தில் இல்லை, அக்காவுக்கும் தெரியவில்லை. நிரல் எழுதத் தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்தால் பத்து நிமிடத்தில் கேட்டிருப்பார்: கடைசி இடம் ஒற்றை எண்தானே, மீதி பத்து வந்தால் என்ன செய்வார்கள்? மீதி பத்து வந்தால் பூஜ்யம் என்று கொள்ள வேண்டும் என்பது விதியின் கடைசி வரி. ஒருவழியாக அந்த விதி முழுவதும் எழுதியிருந்த பக்கம் கையில் சிக்கியபோது மணி பன்னிரண்டாகியிருந்தது.

மூன்று மாதம் முடிந்தபோது என்னைப்பற்றி எனக்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தன. ஒழுங்காக உட்கார என்னால் முடியும். பன்னிரண்டு வாரத்தில் மொத்தம் ஆறு நாள்தான் தவறியது, அதுவும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது. ஆக, கால அட்டவணைக்கு நான் காசு கொடுக்க வேண்டியதில்லை. நான் செய்ய நினைத்த வேலைக்குச் சான்றிதழும் தேவைப்படவில்லை. முதலாளிக்குத் தாள் சரியாக இருந்தால் போதும். என்னிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: நான் எழுதியதைப் பார்த்துச் சொல்லும் மனிதர்.

அதற்கு விலை 9,500 வெள்ளி இல்லை. கிள்ளானில் ஒரு டியூஷன் நிலையத்தின் மாடியில், நிரலாளராக வேலை பார்க்கும் ஒரு தம்பி சனிக்கிழமை மாலைகளில் ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எட்டு வாரம், வாரத்துக்கு 80 வெள்ளி, மொத்தம் 640. முதல் வகுப்பிலேயே அவரிடம் என் இருபது வரியைக் காட்டினேன். "அக்கா, இது நல்லா வேல செய்யுது. ஆனா ஆறு மாசம் கழிச்சி நீங்களே படிச்சா உங்களுக்குப் புரியுமா?" என்று கேட்டார். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பிரித்துப் பெயர் வைக்கச் சொன்னார். எக்செல் தாளை நிரலே திறந்து படித்து, சந்தேகமான வரிசைகளுக்கு மஞ்சள் அடித்துச் சேமிக்கும் வழியைக் காட்டினார். எட்டு வாரத்தில் நான் அவரிடம் கற்றதை, தனியாக எட்டு மாதத்திலும் கற்றிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

கம்பெனி வழியாகவும் ஒரு கதவு இருந்தது. பத்து மலேசியர்களும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப் எனப்படும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குக் கட்டுகின்றன. ஊழியர்களைப் பயிற்சிக்கு அனுப்பினால் அந்தத் தொகையிலிருந்து திரும்பப் பெறலாம். எங்கள் கம்பெனியில் 23 பேர். கணக்குப் பிரிவில் கேட்டபோது, பணம் தொடப்படாமல் கிடப்பதாகச் சொன்னார்கள். முதலாளியிடம் மஞ்சள் அடித்த தாளைக் காட்டிவிட்டு, இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். என்னோடு அக்காவையும் அனுப்பினார். தாளைக் காட்டாமல் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் இப்படி ஒரு தொகை இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

எல்லாருக்கும் என் வழிதான் சரி என்று சொல்ல மாட்டேன். என் நாத்தனார் மகனுக்கு 22 வயது. எஸ்டிபிஎம் முடித்து மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்துகொண்டிருந்தான். அதே இலவசப் பாடத்தை அவனுக்கும் காட்டினேன். மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டான். "வீட்டுல உக்காந்தா தூக்கந்தான் வருது, அத்தை. நாலு பேரு கூட இருந்தா படிச்சிருவேன்" என்றான். தன்னைப்பற்றி அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குப் பணம் கட்டும் வகுப்புதான் சரி. ஆனால் கட்டுவதற்கு முன்னால் நானும் அவனும் அந்த நிலையத்துக்கு நேரில் போனோம். ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்தோம். சென்ற ஆண்டு முடித்த இருவரிடம் பேச வேண்டும் என்று கேட்டோம், ஏற்பாடு செய்தார்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், நிலையமே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் படித்தோம். மொத்தமாகக் கட்டாமல் மாதா மாதம் கட்டினோம். ஐந்து மாதத்தில் முடித்தான். இப்போது ஒரு நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறான்.

இந்தக் கேள்விகளை எல்லாம் நான் அண்ணனை நினைத்துத்தான் கேட்டேன். இன்றைக்கு டிப்ளோமா, டிகிரி என்று யாராவது சொன்னால், மலேசியத் தகுதி நிறுவனமான எம்கியூஏவின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். சில மாதங்களே நடக்கும் குறுகிய கால வகுப்புகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. அதனாலேயே அவை மோசம் என்று ஆகிவிடாது. ஆனால் அவற்றை டிப்ளோமா என்று நினைத்துப் பணம் கட்டக்கூடாது. இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் கழிவு என்று சொல்பவரிடம் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல வகுப்பு அடுத்த வாரமும் இருக்கும்.

இப்போது சாட்ஜிபிடி போன்றவை வந்துவிட்டன, கேட்டால் நிரலை அதுவே எழுதித் தருகிறது, இனி எதற்குப் படிக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். நானும் பயன்படுத்துகிறேன். நள்ளிரவில் சந்தேகம் கேட்க அதைவிட வசதி இல்லை. ஆனால் அது எழுதிக் கொடுத்ததை அப்படியே சுங்கப் பாரத்துக்கு அனுப்ப என்னால் முடியாது. மீதி பத்து வந்தால் என்ன செய்கிறது என்று நான் பார்த்தாக வேண்டும். பார்க்கத் தெரிய வேண்டுமென்றால், அந்த நான்கு இரவு உட்கார்ந்த மாதிரி எங்காவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினிக்கு 1,100, வகுப்புக்கு 640, ஆக மொத்தம் 1,740 வெள்ளி. சேமநிதியில் இருந்த 4,000 வெள்ளி அங்கேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு விழுக்காடு கிடைத்தாலும் இருபது ஆண்டில் அது 12,800 வெள்ளி ஆகும். வளையல் கையில் இருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம் பிடித்த வேலை இப்போது இருபது நிமிடத்தில் முடிகிறது. சம்பளம் 250 வெள்ளி ஏறியது. பதவி அதேதான். புதிய கணினி முறை வந்த பிறகும் அக்காவும் நானும் அதே மேசைகளில்தான் இருக்கிறோம். மிச்சமான நேரத்தில் வாடிக்கையாளர்களின் தண்டக் கணக்கை முன்கூட்டியே பார்த்துச் சொல்லும் வேலையை முதலாளி எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். இது எத்தனை நாளைக்கு என்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு பகுதி நேர டிப்ளோமா ஒன்றில் சேரலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தேன். செய்து காட்டுகிறேன் என்றால் அங்கே யாரும் உட்கார வைத்துப் பார்ப்பதில்லை. முதலில் தாளைத்தான் கேட்கிறார்கள். எம்கியூஏ பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறது, பார்த்துவிட்டேன். கட்டணம் கொஞ்சம் அதிகந்தான். அதற்கு 4,000 வெள்ளியையும் எடுக்க வேண்டி வரலாம். எடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இந்த முறை நான் வாங்கப் போவது அந்தத் தாளைத்தான். அம்மா கேட்டால் அவரிடம் அதைச் சொல்ல முடியும்.